நீலம் மாறவில்லை

பிப்ரவரி 1, ஞாயிறு

காலை பத்தே முக்காலுக்குக் கோத்தகிரி சாலையில் நான்காவது வளைவைத் தாண்டியதும் காரின் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் இரண்டு ஓரங்களிலிருந்தும் ஆவி. ஓரங்கட்டி நிறுத்தி, நாற்பது நிமிடம் ஒரு குரங்குக் குடும்பத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பிறகு தண்ணீர் ஊற்றி, மெல்லத் திரும்பி மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தேன்.

பின் இருக்கையில் பதினைந்து முருங்கைக்காய்களும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் இருந்தன. எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் அவற்றுக்கு என்ன வேலை என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரேக்கைச் சோதிக்கப் போனேன் என்று சொல்லியிருப்பேன். பிரேக்கைச் சோதிக்கத்தான் போனேன்.

மாலையில் பூங்கோதை கூப்பிட்டாள். என் மனைவி கோத்தகிரிக்கு அப்பால் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்ந்து போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கேயே ஒரு வீடு எடுத்திருக்கிறாள். முதலில் வாராவாரம் இறங்கி வந்தாள். இப்போது வேலை அதிகம் என்கிறாள்.

“பதிமூணாந்தேதி ஆண்டு விழாங்க. வந்துருங்க. நான் ஜாயின் பண்ண அன்னிக்குக் காய்ச்சல்னீங்க. பொங்கல் விழாவுக்கு விடைத்தாள் திருத்தணும்னீங்க. இது மூணாவது. நாலாவது தடவை கூப்பிட மாட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். காரில் ஏதோ கோளாறு என்றேன். அது உண்மை.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பார்த்தவை: ஒன்று, குளிர்நீர் டப்பா காலி. இரண்டு, ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை. மூன்று, இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த டீயின் நிறத்தில் ஒரு பசை.

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் போனில் இதைப் பற்றிப் படித்தேன். ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. குக்கர் மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையில் ரப்பர் வளையம் இருப்பதுபோல, இன்ஜினின் ‘ஹெட்’ எனப்படும் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் இடையில் ஒரு தகடு இருக்கிறது. அது வெடித்தால் எரியும் வாயு தண்ணீருக்குள் போகும், தண்ணீர் ஆயிலுக்குள் போகும். மேல் பாகத்தை முழுவதுமாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். பெரிய வேலை.

இரண்டு மாதமாக இல்லாத அளவுக்குப் பசித்தது. இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பூங்கோதையிடம் விளக்கினேன். பத்து நாள் ஆகும் என்றேன். எந்த மெக்கானிக்கும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வரும்.

“பஸ்ல வாங்களேன்.”

“மலை பஸ்ல எனக்கு வயித்தப் பெரட்டும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றாள். இருபத்தாறு வருடமாகத் தெரியும். அதற்குப் பிறகு அவள் பேசிய விஷயம் பள்ளிக் கழிப்பறைக்கு வந்த புதுக் குழாய்.

பிப்ரவரி 5, வியாழன்

பள்ளிக்கு நடந்து போனேன். ஒன்றரை கிலோமீட்டர், பதினெட்டு நிமிடம். இதற்கா பதினொரு வருடமாகக் காரில் போனேன் என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். அவர் கேட்டதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பசையும் புகையும் ஊகத்துக்குத்தான் ஆகும். நான் வேதியியல் முதுகலை, பல்கலைக்கழகத்தில் மூன்றாமிடம். ஊகத்தோடு நிற்க மாட்டேன்.

எரிந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு உண்டு. அது ரேடியேட்டர் தண்ணீருக்குள் வந்தால் கேஸ்கட் போயிற்று என்று பொருள். புரோமோதைமால் நீலக் கரைசல் அந்த வாயு பட்டால் மஞ்சளாகும். பதினோராம் வகுப்புக்கு வருடாவருடம் நான் காட்டுகிற சோதனைதான். ஆய்வகத்திலிருந்து முப்பது மில்லி எடுத்து வந்தேன்.

சோதனை: இரண்டு துளைத் தக்கையிட்ட குடுவையில் நீலக் கரைசல். நீளமான குழாய் கரைசலுக்குள். அதன் மறுமுனை ரேடியேட்டரின் வாயில். குட்டைக் குழாய் வழியாகக் காற்றை இழுக்க வேண்டும். இழுப்பதற்கு ரப்பர் பந்து வேண்டும். ஆய்வகத்துப் பந்து வெடித்து மூன்று வருடமாகிறது, எழுதிக் கொடுத்தும் வரவில்லை. வாயால் இழுத்தேன். ஒரு மாணவன் இதைச் செய்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். நடுவில் நீளக் குழாயில் தண்ணீர் அடைத்துக்கொண்டது. ரேடியேட்டரிலிருந்து கழற்றி, நன்றாக ஊதி அடைப்பை எடுத்துவிட்டு, மீண்டும் மாட்டி இழுத்தேன்.

உற்றுநோக்கல்: நீலம் பச்சையாகி மஞ்சளாயிற்று.

முடிவு: ஹெட் கேஸ்கட் வெடித்துள்ளது.

குடுவையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் பூங்கோதைக்கு அனுப்பினேன். “அழகா இருக்கு” என்று பதில் வந்தது.

பிப்ரவரி 7, சனி

வழக்கமான மெக்கானிக் பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்து கால் வீங்கிப் படுத்திருக்கிறார். வேறு வழியில்லாமல் ரவூப்பின் பட்டறைக்குப் போனேன். கையில் நான்கு பாட்டில் தண்ணீரோடு, இரண்டு இடத்தில் நிறுத்தி.

ரவூப் என் மாணவன். 2004ஆம் வருடப் பிரிவு விழாவில் மேடையேறி, மூக்குக் கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கி, என்னைப்போலவே பேசிக் காட்டினான். தலைமையாசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பட்டறை இருக்கும் தெருவில் நான் போவதில்லை. அவனுக்கு இப்போது முன்தலையில் முடி இல்லை. இதில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை.

“வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?”

“டீ வேண்டாம். ஹெட்டப் பிரிக்கணும்.”

“யாரு சார் சொன்னது?”

“கெமிஸ்ட்ரி சொல்லுது,” என்று குறிப்பேட்டை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தான். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“வாயாலயா சார் இழுத்தீங்க?”

“ஆமா.”

“நடுவுல ஊதியிருக்கீங்க.”

“அடைப்பு எடுக்க.”

“எதுக்குள்ள சார் ஊதுனீங்க?”

நீளக் குழாயின் அடுத்த முனை நீலக் கரைசலுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்துவிட்டது. நாகரிகமாகத் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் தோள் குலுங்கிற்று.

“பிளஸ் ஒன்ல இதே தண்ணில என்னத்தான் சார் ஊதச் சொன்னீங்க. மஞ்சளாச்சு. ‘பாருங்கடா, இவன் மூச்சுக் காத்துக்கூட ஆசிட்டு, மார்க்கு மட்டும் நீர்த்த கரைசல்’னீங்க. ரெண்டு வருசம் என்னை ஆசிட்டு ரவூப்புன்னுதான் கூப்புட்டானுங்க. அதுக்குத்தான் சார் பேர்வெல்ல உங்கள மாதிரிப் பேசுனேன்.”

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் சொற்றொடர் அமைப்பு என்னுடையதுதான்.

டீ வந்தது. குடித்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஞாயிறு பட்டறை விடுமுறை. எனக்காகத் திறந்தான். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தை அவன் வாப்பாவிடமிருந்து வாங்கி வந்திருந்தான். நான் புதிதாக நீலக் கரைசல் கொண்டுபோயிருந்தேன்.

“இப்ப பந்தால இழுப்போம் சார். நீங்க கொஞ்சம் தள்ளி நின்னே மூச்சு விடுங்க.”

இன்ஜினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் இழுத்தோம். நீலம். பத்து நிமிடம். நீலம். கரைசல் கெட்டுப்போயிருக்கும் என்றேன். அவன் அதே குழாயைப் புகைக்குழாய்ப் பக்கம் கொண்டுபோய் நான்கு முறை பந்தை அமுக்கினான். மஞ்சள். சோதனைக்கு ஒப்புச் சோதனை செய்து காட்டுகிறான். நான் பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் இவனுக்கு ஐம்பதுக்கு முப்பது போட்டதாக நினைவு.

அடுத்து, ரேடியேட்டர் வாயில் முள்ளுடன்கூடிய ஒரு கைப் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினான். கேஸ்கட் வெடித்திருந்தால் முள் இறங்க வேண்டும். அரை மணி நேரம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சமாவது இறங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு தடவை லேசாகத் தட்டியும் பார்த்தேன்.

“தட்டாதீங்க சார்.”

கடைசியில் ரேடியேட்டர் மூடியை அதே பம்பில் மாட்டினான். இரண்டு அமுக்கில் உஸ்ஸென்று காற்றுப் போயிற்று. உள்ளே ரப்பர் விரிசல் விட்டு, ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது.

“இவ்வளவுதான் சார். மூடி அழுத்தம் தாங்கல. ஏத்தத்துல தண்ணி சீக்கிரமாக் கொதிச்சு வெளிய போயிருச்சு.”

“அந்தப் பசை?”

“தெனமும் ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துனா இன்ஜின் சூடே ஆகாது. உள்ள வேர்த்த ஈரம் ஆயிலோட சேர்ந்து அப்படித்தான் படியும். காலம்பற வர்ற புகையும் பனிக்கு வர்றதுதான். நல்ல இன்ஜின் சார். மேல ஏறி எறங்கினாப் போதும்.”

“எதுக்கும் ஹெட்டை ஒரு தடவை பிரிச்சுப் பாத்துரலாமே.”

“நல்லாயிருக்குற ஹெட்ட எதுக்கு சார் பிரிக்கணும்?”

“ஒரு உறுதிக்கு.”

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “சார், காரு கெட்டுப்போச்சுன்னு யாருகிட்ட சார் சொல்லி வெச்சிருக்கீங்க?”

நான் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டேன். கொழுப்பு.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று இரண்டு வகுப்பு உப்புப் பகுப்பாய்வு. என் பையன்கள் ஒரு வேலை செய்வார்கள். குடுவையில் என்ன உப்பு என்று ஆய்வக உதவியாளரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பிறகு அந்த விடைக்கு ஏற்றபடி வெண்ணிற வீழ்படிவு, அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லாவற்றையும் பார்த்ததுபோல எழுதிவிடுவார்கள். இன்றும் ஒருவனைப் பிடித்தேன். “விடைய வெச்சுக்கிட்டு சோதனைய எழுதுறியா?” என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். அவனுக்கே ஆச்சரியம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் தலைமையாசிரியர் பதவி எனக்குத்தான் முதலில் வந்தது. ஊர் தூரம். ஆறு மாதத்தில் அடுத்த பட்டியல் வரும், இதை வேண்டாமென்று எழுதிக் கொடுங்கள் என்று ஒரு எழுத்தர் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பிறகு விதி மாறிற்று, வரிசை மாறிற்று. அந்த எழுத்தரின் முகம், மோதிரம், பேனாவின் நிறம் எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுக்காதீங்க என்று அன்று காலையில் பூங்கோதை சொன்னதை நான் இதுவரை எங்கும் குறித்ததில்லை.

போன ஜூன் மாதம் அவள் பொறுப்பேற்ற அன்று எனக்குக் காய்ச்சல்தான். தெர்மாமீட்டரில் நூறு இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பள்ளி முடிந்து பட்டறைக்குப் போனேன். ரவூப் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. புது மூடி வந்திருந்தது. ரேடியேட்டரைக் கழுவி, துருத் தண்ணீரை இறக்கி, கீழ்க் குழாயின் பழைய கிளிப்பை மாற்றி, ஆயிலையும் மாற்றினான். நான் விளக்குப் பிடித்தேன். சட்டையில் கறை. பூங்கோதை இருந்திருந்தால் கத்தியிருப்பாள்.

“விளக்க இங்க காட்டுங்க சார். அங்க இல்ல. சொல்றதக் கவனிக்கிறதே இல்ல.”

கடைசி வாக்கியம் என் குரலில் இருந்தது. கண்ணாடிகூட இல்லை, அப்படியே இருந்தது.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றேன்.

பயந்துவிட்டான். “சும்மா வாயில வந்துருச்சு சார்.”

“சொல்லுப்பா.”

சொன்னான். ஒரு வாக்கியம் பத்தானது. பிறகு வீழ்படிவு பற்றிய முழுப் பாடம். நான் ‘ஆகவே’ என்ற சொல்லுக்கு முன்னால் மேலே கூரையைப் பார்ப்பேனாம். பக்கத்துப் பட்டறை வெல்டர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பட்டறையில் புகை அதிகம்.

என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்காது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

மாலையில் சோதனை ஓட்டம். ரவூப் பக்கத்து இருக்கையில், நான் ஓட்டினேன். முதல் வளைவு, முள் பாதியில். நான்காவது வளைவு, முள் பாதியில். போன முறை நின்ற இடத்தில் அதே குரங்குக் குடும்பம். ஏழாவது வளைவிலும் முள் பாதியில்தான். அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

“இப்படியே போனா முக்கா மணி நேரத்துல கோத்தகிரி சார்.”

“வெள்ளிக்கிழமைதான்,” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்னும் சொல்ல முடியும். கார் பட்டறையில் இருக்கிறது என்று சொன்னால் மலை மேலிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள். ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு கூப்பிட்டேன்.

“கேஸ்கட் போகல,” என்றேன். “ரேடியேட்டர் மூடி.”

“சரி.”

“சோதனையில நான்தான் ஊதிட்டேன்.”

“சரி.”

“கார் நல்லா இருக்கு.”

அந்தப் பக்கம் யாரோ மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப வராம இருக்கறதுக்கு வேற என்ன இருக்குங்க?”

“ஒண்ணும் இல்ல. தேடிப் பாத்துட்டேன்.”

சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நான் கணக்கு வைத்திருக்கவில்லை. மற்றதெல்லாம் வைத்திருக்கிறேன்.

“ஒண்ணு சொல்லட்டுங்களா? நான் ஜாயின் பண்ண அன்னிக்குத் தெர்மாமீட்டர் என் பொட்டில இருந்துச்சு. இங்க வந்துதான் பாத்தேன். நானும் இத்தன நாள் கேக்கல.”

ஒன்பதாம் தேதிக் குறிப்பின் கடைசி இரண்டு வரிகளும் தவறு. அடிக்காமல் விடுகிறேன். செய்முறைக் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்கிறவன் நான்.

பிப்ரவரி 13, வெள்ளி

அரை நாள் விடுப்பு. மதியம் ஒன்றே காலுக்குக் கிளம்பி மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். முள் வழி முழுவதும் பாதியில். மேலே நல்ல குளிர்.

நான் பந்தலுக்குள் நுழையும்போது பூங்கோதை ஆண்டறிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். தேர்ச்சி விழுக்காடு பற்றிய வரியை இரண்டு முறை வாசித்தாள். அது அந்த நேரத்தில் நிகழ்ந்தது தற்செயலாக இருக்கலாம்.

எட்டு மாதமாக நான் எதற்குப் பயந்தேனோ அது சரியாக நான்கு பத்துக்கு நடந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மைக்கைப் பிடித்து, “நம்ம எச்.எம். அம்மாவோட வீட்டுக்காரர் வந்திருக்கார், அவரை மேடைக்கு அழைக்கிறோம்,” என்றார். பெயர்கூடச் சொல்லவில்லை. முதுகலையும் இல்லை, மூன்றாமிடமும் இல்லை. போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “மிஸ்ஸு இவருகிட்ட பயப்படுவாங்களா, இவரு மிஸ்ஸுகிட்ட பயப்படுவாரா?” என்று கேட்டது மேடைவரை கேட்டது. பூங்கோதை மாலைத் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு நாற்காலி சௌகரியமாக இருந்தது. ஓட்டப்பந்தயத்துக்கான பரிசுகளை என்னைக் கொடுக்கச் சொன்னார்கள். முப்பத்தொன்று கொடுத்தேன்.

பிப்ரவரி 14, சனி

காலையில் அவளுடைய வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு அறை. சமையலறை ஜன்னலில் தேயிலைச் சரிவு. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, அடுத்த முறை வாஷர் கொண்டுவர வேண்டும்.

கிளம்பும்போது கேட்டேன். “அடுத்த விழா எப்ப?”

“அதை ஏன் கேக்கறீங்க? நான்தான் இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டேனே.”

“அதான் இப்ப வந்துட்டேனே.”

“வந்தாலும் அதேதான். வீட்டுக்காரரை யாராவது தேதி சொல்லிக் கூப்பிடுவாங்களா?” உள்ளே போய் ஒரு சாவியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். பித்தளைச் சாவி, அதில் நூல் சுற்றியிருந்தது. நூல் பழையது. நேற்றோ முந்தாநாளோ சுற்றியது போல இல்லை.

“எப்ப செஞ்சது?” என்றேன்.

“வீடு புடிச்ச அன்னிக்கே ரெண்டா செஞ்சேன்.”

அதைக் கார் சாவியின் வளையத்திலேயே மாட்டினேன். கனமான சாவி. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு ஆடி முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. ரவூப் பார்த்தால் ஸ்டியரிங் பூட்டு தேய்ந்துவிடும், தனியாகப் போடுங்கள் சார் என்பான். சொல்லட்டும்.